கல்லூரியில் சேர்த்தாச்சு, அதுக்கப்புறம் பிள்ளையை யார் பார்ப்பது?

அடிவாரத்தான் (இழையைத் தொடங்கியவர்)

மே மாதம் பிறந்துவிட்டால் சேலத்தில் வழிகாட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. கல்யாண மண்டபங்களில் கல்விக் கண்காட்சி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் ‘கல்லூரிக் கனவு’, பொறியியல் கலந்தாய்வுக்கு உதவி மையம், கட்-ஆஃப் கணக்குப் போட்டுத்தர தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதில் தாய்மாமா தொடங்கி எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் வரை எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். செப்டம்பரில் அதே பிள்ளை முதல் இன்டர்னலில் ஒற்றை இலக்கத்தில் மார்க் வாங்கி நிற்கும்போது பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை.

நான் சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எந்தப் படிப்பில் சேருவது என்று இங்கே ஏற்கெனவே நிறைய இழைகள் ஓடுகின்றன, அதை இதற்குள் இழுக்க வேண்டாம். சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

ஆலோசனை என்று நான் சொல்வது மைக்கைப் பிடித்து ஒழுக்கம், உழைப்பு என்று முழங்குவதை அல்ல. வருகைப்பதிவு சரியும்போது, அரியர் சேரும்போது, உதவித்தொகை வராதபோது, தெரியாமல் ஒரு விருப்பப் பாடத்தை எடுத்துவிட்டபோது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி இருக்கிறது. ஒரு படிவம் இருக்கிறது. ஒரு கடைசித் தேதி இருக்கிறது. பிள்ளைக்கு இந்த மூன்றும் தெரியாது. ஹால் டிக்கெட் கிடைக்காத அன்றைக்குத்தான் தெரியவருகிறது. வருகைப்பதிவையே எடுங்கள்: 75 சதவீதம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். 65க்கு மேல் இருந்தால் கட்டணம் கட்டி, காரணம் காட்டி கண்டோனேஷன் (குறைந்த வருகையைப் பொறுத்துத் தேர்வெழுத அனுமதி) கேட்கலாம் என்பதும், ரொம்பவும் கீழே போய்விட்டால் அந்த செமஸ்டரையே மறுபடி படிக்க நேரும் என்பதும் முதலாம் ஆண்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஜூலையில் கையேடு கொடுக்கிறோம். ஆங்கிலத்தில், எண்பது பக்கத்தில்.

இந்த வேலைக்குக் காகிதத்தில் ஆள் இருக்கிறார். கலைக் கல்லூரியில் டியூட்டர், பொறியியலில் கிளாஸ் அட்வைசர். பாடத்திட்டத்தைத் திட்டமிடவும் பொதுவான ஆலோசனைக்கும் ஒவ்வொரு மாணவரையும் ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அண்ணா பல்கலைக்கழக விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் (NAAC) குழு வருவதால் மென்டார் ஃபைல் என்று ஒன்றும் இருக்கிறது. பிள்ளையின் புகைப்படம், ரத்த வகை, பொழுதுபோக்கு, லட்சியம், மாதம் ஒரு கையெழுத்து. நிஜமாகவே உங்களை யாராவது பார்த்துக்கொண்டார்களா? யார் அவர், என்ன செய்தார்? அதைச் சொல்லுங்கள்.

அரியர் அரசன்

அட்வைசர்னா ஓ.டி. (ஆன் டூட்டி) ஃபார்ம்ல கையெழுத்து போடற ஆளுன்னுதான் நாலு வருஷமும் நெனச்சிட்டு இருந்தேன். 😀

அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அங்கிருந்து இன்ஜினியரிங். முதல் செமஸ்டர்ல கணக்கு உட்பட மூணு போச்சு. அடுத்த செமஸ்டர்ல அந்த மூணு, புதுசா ரெண்டு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல எழுதணும், எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் படிச்சு எல்லாத்துலயும் கோட்டை விட்டாச்சு. அட்வைசர் கூப்பிட்டு “உங்க அப்பா கஷ்டப்பட்டு அனுப்பறாரு”ன்னாரு. அது எனக்கே தெரியும் சார்.

உருப்படியா சொன்னது ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர்தான். மார்க் ஷீட்டைக் கையில வாங்கிப் பார்த்துட்டு, “எதோட தொடர்ச்சி அடுத்த வருஷம் வருதோ அதை முதல்ல தூக்கு”ன்னாரு. முதல் கணக்கு புரியாம ரெண்டாவது கணக்கு புரியாது, அது இல்லாம மூணாவது செமஸ்டர் ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் புரியாது, அது இல்லாம சிக்னல்ஸ் பேப்பர் ஓடாது. வேற ஒண்ணும் இல்ல, பேப்பருங்களுக்குள்ள இருக்கற அந்தச் சங்கிலியைக் காட்டினாரு. அந்த செமஸ்டர் கணக்கை மட்டும் பிடிச்சேன். மத்தது தானா அவுந்துச்சு. அஞ்சு நிமிஷப் பேச்சு சார், அவ்வளவுதான்.

நாலு ரோடு

கேட்கக் கொஞ்சம் கடுமையாக இருக்கும், பரவாயில்லை. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம், வண்டி ஓட்டலாம், ஆனால் வருகைப்பதிவு எவ்வளவு என்று தானாகப் பார்த்துக்கொள்ள முடியாதா? எங்கள் காலத்தில் யார் இருந்தார்கள்? நோட்டீஸ் போர்டைப் பார்த்தோம், பாஸ் ஆனோம். பள்ளியில்தான் ஊட்டி வளர்க்கிறோம் என்றால் கல்லூரியிலுமா? ஆசிரியர் வேலை பாடம் நடத்துவது. போதாக்குறைக்கு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வேறு இருக்கிறது. இதற்கு மேல் ஒரு ஆலோசகர் என்றால் அவருக்கு ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ரிப்போர்ட்.

பழைய ரிஜிஸ்டர்

நாலு ரோடு அவர்களுக்கு: உங்கள் காலத்திலும் ஆள் இருந்தார். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். கல்லூரி அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் கிளார்க்.

நான் அந்த ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவன். கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் வரும்வரை இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தவை. மார்க் ஷீட்டில் பெயர் தவறு என்றால்கூட ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்துச் சேப்பாக்கம் போய் நிற்க வேண்டும். எந்த செக்‌ஷன், எந்த மாடி, எந்தப் படிவம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புவோம். அதற்கு எங்களுக்கு அட்வைசர் என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

எத்தனை பேர் படிப்பை விட்டதற்குக் காரணம் பாடம் அல்ல என்பதை அந்த ஜன்னலில் உட்கார்ந்தவனைக் கேளுங்கள். மலையில் இருந்து வரும் பிள்ளைகள் தாசில்தார் கையெழுத்திட்ட சாதிச் சான்றிதழோடு வருவார்கள். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் கொடுப்பதுதான் செல்லும், 1989இல் இருந்து அப்படித்தான். பள்ளியில் ஒருவரும் கேட்கவில்லை, இங்கே கேட்கிறோம். பையன் “நாளைக்குக் கொண்டுவரேன் சார்” என்று போவான். கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒருதரம், விசாரணைக்கு ஒருதரம், ஒருநாள் கூலி போச்சு, இரண்டு நாள் கூலி போச்சு. மூன்றாம் தரம் வரமாட்டான். அவன் பெயருக்கு நேரே ‘நீண்ட நாள் வரவில்லை’ என்று எழுதுவார்கள். படிப்பில் ஆர்வம் இல்லாதவன் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள்.

இப்போது எல்லாம் ஆன்லைன் என்பார்கள். ஆன்லைனில் புதுச் சிக்கல். போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகை நேரே மாணவர் கணக்குக்குப் போகிறது. பள்ளியில் படிக்கும்போது ஊர்ப் பக்கத்து வங்கியில் ஒரு கணக்கு, கல்லூரியில் சேர்ந்ததும் இங்கே இன்னொரு கணக்கு. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ பணம் அங்கேதான் விழும். பிள்ளை புதுப் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு “வரலை, வரலை” என்று அலையும். பணம் பழைய கணக்கில் கிடக்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வரும் ஆயிரம் ரூபாயிலும் இதே கதைதான். இதைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் வேண்டாம். “அம்மா, உனக்கு வேறு எங்காவது கணக்கு இருக்கா?” என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேட்கிறவர் இல்லை.

கொலுசுப்பட்டறை

வணக்கங்க. சிவதாபுரம் பக்கம் வெள்ளிப் பட்டறை வேலைங்க. பெரிய பொண்ணு இரண்டாம் வருசம் பி.காம். எங்க வீட்ல காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆளு அதுதாங்க.

பேரன்ட்ஸ் மீட்டிங்னு கூப்பிட்டாங்க, அன்னிக்குப் பட்டறையை மூடிட்டுப் போனேன். மார்க் கம்மின்னு சொன்னாங்க. எந்தப் பாடம், ஏன் கம்மி, நாங்க என்ன பண்ணணும்னு கேட்டேன். “படிக்கச் சொல்லுங்க”ன்னாங்க. இங்கிலீசுல மெசேஜ் வருது, அதையும் பொண்ணுதான் படிச்சுச் சொல்லணும். அதுக்கு வேணுங்கறதைத்தான் அது சொல்லும்னு எனக்கும் தெரியுங்க. 😄 லீவு போட்டா அன்னிக்கே எங்களுக்குப் போன் பண்ணிச் சொன்னா தேவலைங்க. அதுக்குத்தாங்க டியூட்டர் வேணும்.

மிளகுக்கொடி

அண்ணா, தயவுசெய்து அதை மட்டும் கேட்காதீங்க. கோபத்தில சொல்லலை.

நான் ஏற்காட்டுக்கு மேல நாகலூர்ப் பக்கம். சேலத்துல ஹாஸ்டல்ல தங்கி டிகிரி முடிச்சேன், இப்போ வேலையில இருக்கேன். எங்க செட்ல எங்க பக்கத்துப் பொண்ணு ஒருத்திக்கு வருகைப்பதிவு குறைஞ்சதுன்னு வீட்டுக்குப் போன் போச்சு. வீட்டுல கேட்ட ஒரே கேள்வி, “காலேஜுக்குப் போகாம எங்கே போனே?” அவ போனது ஒரு துணிக்கடையில பகுதிநேர வேலைக்கு. மெஸ் பாக்கி கட்டறதுக்கு. அதை வீட்டுல சொல்ல முடியாதுன்னுதான் மறைச்சா. அடுத்த மாசம் மாப்பிள்ளை பார்த்துட்டாங்க. போன் பண்ணினவங்க நல்ல எண்ணத்துலதான் பண்ணினாங்க.

என்னோட டியூட்டர் மேடம் வேற மாதிரி. டிசம்பர், ஜனவரியில மலைப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி பதிவு குறையறதைக் கவனிச்சிருக்காங்க. திட்டலை. கூப்பிட்டு உட்கார வெச்சு, “அந்த ரெண்டு மாசம் ஊர்ல என்ன?”ன்னு கேட்டாங்க. காப்பிப் பழம் பறிக்கற காலம் மேடம், பழுத்ததை விட்டா உதிர்ந்துடும், வீட்டுல எல்லாக் கையும் வேணும், வருசத்துல கையில காசு பார்க்கறதே அப்போதான்னு சொன்னோம். அது முடியறதுக்குள்ள மிளகு வந்துடும்.

மேடம் ஒரு பேப்பர் எடுத்து கணக்குப் போட்டாங்க. செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம்னா 68 நாள் வந்தாகணும். மிச்சம் 22 நாள். “இந்த 22 நாள்தான் உங்க கையில இருக்கு. காய்ச்சலுக்கு ஆறை எடுத்து வெச்சுக்கோங்க. மிச்சத்தை எப்போ எடுக்கப் போறீங்கன்னு இப்பவே எழுதிக் குடுங்க. இன்டர்னல் வாரத்துல எடுக்கக் கூடாது.” அப்படியே எழுதிக் குடுத்தோம். சனி, ஞாயிறோட சேர்த்து எடுத்தா பறிப்புக்கும் தோதா இருந்துச்சு. விதியை எங்களுக்காக வளைக்கவே இல்லை. விதிக்குள்ள எவ்வளவு இடம் இருக்குன்னு காட்டினாங்க. எங்க செட்ல அந்தக் காரணத்துக்காக யாரும் நிக்கலை.

வீட்டுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும். அவ்வளவுதான் அண்ணா நான் சொல்றது.

கொலுசுப்பட்டறை

சரிங்கம்மா. நான் இந்தப் பக்கமா யோசிக்கலைங்க. ஆனா எதுவுமே தெரியாம கடைசியில ஒரு நாள் ‘உங்க பொண்ணு பரீட்சை எழுத முடியாது’ன்னா எங்க நெஞ்சு என்னாகும், அதையும் பாருங்க.

மிளகுக்கொடி

அதுவும் நியாயம்தான் அண்ணா. பொண்ணையும் பக்கத்துல வெச்சுக்கிட்டு மூணு பேரும் சேர்ந்து பேசினா ஆகாதா? எங்க மேடம் சில பேருக்கு அப்படிப் பண்ணினாங்க.

கருப்பூர் கேட்

டிகிரி முடித்த பிறகு தெரியவரும் விஷயம் ஒன்று. நான் பி.எஸ்சி. கணிதம். ஆங்கிலம் பிடிக்கும் என்று எம்.ஏ. ஆங்கிலம், பிறகு பி.எட். முதுகலை ஆசிரியர் தேர்வுக்கு இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். எனக்கு கிராஸ் மேஜர். எம்.ஏ. சேரும்போது அப்ளிகேஷன் வாங்கின கவுன்டரில் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஏன் சொல்லப் போகிறார்கள், சீட் நிரம்பினால் சரி.

டி.என்.பி.எஸ்.சி.யில் இன்னொன்று. பட்டத்தின் பெயர் விளம்பரத்தில் கேட்டிருப்பதில் இருந்து கொஞ்சம் மாறி இருந்தால் அது இதற்கு இணையானது என்ற அரசாணை காட்ட வேண்டும். அந்த அரசாணையும் அறிவிப்பு வெளியான தேதியிலோ அதற்கு முன்போ வந்திருக்க வேண்டும். இப்போது கல்லூரிகளில் பழைய பாடத்துக்கே புதுப்புதுப் பெயர் வைத்து ஏதேதோ பட்டம் கொடுக்கிறார்கள். அரசு வேலைதான் குறி என்றால் சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி இது. விட்டால் முதுகலைக்குப் போவதற்கு முன்பாவது.

பழைய ரிஜிஸ்டர்

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டத்தில் வந்தது. பிறகு அதைத் திருத்தி, பள்ளியில் இருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். பன்னிரண்டு வருடம் தமிழ் வழியில் படித்த பிள்ளை, கல்லூரியில் இரண்டு செக்‌ஷனும் இருக்கும்போது ‘இங்கிலீஷ் மீடியம்தான் கெத்து’ என்று மாற்றிக்கொள்கிறது. மாற்றுவது தப்பில்லை. எதை விட்டுக்கொடுத்து மாறுகிறோம் என்று தெரிந்து மாற வேண்டும் அல்லவா.

தறிச்சத்தம்

கவுரவ விரிவுரையாளர் என்கிற முறையில் நானும் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன்.

மிளகுக்கொடி சொன்ன மேடத்துக்கு என் வணக்கம். ஆனால் அப்படி ஒருவர் கிடைப்பது அந்தப் பிள்ளைகளின் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடக் கூடாது. என் கையில் ஒரு வகுப்பு முழுக்க, அறுபதுக்கு மேல் பிள்ளைகள். டைம்டேபிளில் அதற்கென்று ஒரு பீரியடும் கிடையாது. மதிய இடைவேளையில், பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் பேசுவதுதான். எனக்கு மே மாதச் சம்பளம் இல்லை. அடுத்த ஜூனில் இதே வகுப்புக்கு வருவேனா என்பதே தெரியாது. வருடா வருடம் டியூட்டர் மாறினால் பிள்ளை ஒவ்வொரு தடவையும் தன் கதையை முதலில் இருந்து சொல்ல வேண்டும். இரண்டாவது தடவை சொல்லாது, அதுதான் நிஜம்.

ஃபைலில் எழுதுவது இன்னொரு நாடகம். நாக் வருகைக்கு முந்தின வாரம் ஒரே பேனாவில் மூன்று வருடத்துக்கு ‘மாணவருக்கு அறிவுரை கூறப்பட்டது’ என்று எழுதும் வேலை பல இடங்களில் நடக்கிறது. எங்கே என்று கேட்காதீர்கள்.

ஐந்து ரோடு மாமா

சேலத்தில் பி.சி.ஏ. படிக்க நல்ல காலேஜ் எது? ஹாஸ்டல் வசதியோடு சொல்லவும். அவசரம்.

நெறியாளர்

மேலே உள்ள கேள்விக்கான பதில்கள் ‘சேர்க்கை’ பகுதிக்கு மாற்றப்பட்டன. தலைப்பிலேயே இருங்கள்.

குகைப்பையன்

சேலம் குகைப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன், இப்போது நியூயார்க்கில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் பட்டம் தரும் கல்லூரி) இதே ஆலோசகர் வேலைதான் பார்க்கிறேன், அதனால் வாயைத் திறக்கிறேன்.

இங்கே அட்வைசர் என்பது தனி வேலை. பாடம் நடத்துவதில்லை. அதற்காக இங்கே எல்லாம் பாலும் தேனும் என்று நினைக்க வேண்டாம். இந்த நகரப் பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி காலேஜ்களில் ஓர் அட்வைசருக்கு 600 முதல் 1500 மாணவர் வரை இருந்த நிலைமை உண்டு. அறுபது பேருக்கே மூச்சு வாங்குகிறது என்கிறார் தறிச்சத்தம். 1500 பேர் என்றால் பெயர்கூட ஞாபகம் இருக்காது.

2007இல் இங்கே ஏசாப் என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஓர் அட்வைசருக்கு 60 முதல் 80 பேர் மட்டும். முழுநேரம் படிக்க வேண்டும், அட்வைசரை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். கட்டணத்தில் உதவி போக மிஞ்சும் பாக்கியைத் திட்டமே கட்டிவிடும், புத்தகத்துக்கு உதவி. கூடவே சப்வேக்கும் பஸ்ஸுக்கும் அப்போது இலவச மெட்ரோ கார்டு. மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இதைக் கொடுத்து, மறுபாதியை வழக்கம்போல விட்டு ஆராய்ந்தார்கள். மூன்று வருடத்தில் பட்டம் முடித்தவர்கள் திட்டத்தில் 40 சதவீதம், வெளியே 22 சதவீதம். பிறகு ஒஹாயோவிலும் இதே மாதிரி செய்து பார்த்து நல்ல பலன் கிடைத்தது.

இதில் எனக்குப் பிடித்தது அந்த மெட்ரோ கார்டு. மாதா மாதம் கார்டு வாங்க அட்வைசரிடம் வந்தாக வேண்டியிருந்தது. வந்தால் இரண்டு வார்த்தை பேசாமல் போக முடியாது. ‘என் கதவு எப்போதும் திறந்திருக்கும்’ என்று போர்டு மாட்டினால் வர வேண்டிய பிள்ளை வராது, ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளைதான் வரும். இதை நான் தினமும் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டரை வைத்து யார் தடுமாறுகிறார்கள் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்கும் முறையும் இங்கே உண்டு. அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் 2012இல் இருந்து அதைப் பெரிய அளவில் செய்கிறது. ஆனால் சிவப்பு விளக்கு எரிந்ததும் போனை எடுத்துப் பேச ஆள் வேண்டும். அவர்களும் அட்வைசர்களை நிறையச் சேர்த்துக்கொண்டுதான் அதைச் செய்தார்கள்.

நாலு ரோடு

மெட்ரோ கார்டு யோசனை நன்றாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. அது பணம் கொட்டிச் செய்த திட்டம். கட்டணமும் புத்தகமும் கொடுத்துவிட்டு அட்வைசரால் பாஸ் ஆனார்கள் என்றால் எப்படி?

குகைப்பையன்

நியாயமான கேள்வி. எது எவ்வளவு வேலை செய்தது என்று அந்த ஆய்வால் தனித்தனியாகப் பிரிக்க முடியவில்லை. எல்லாம் சேர்ந்த பொட்டலத்தின் பலன் அது.

அடிவாரத்தான்

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருக்கிறேன், பதில் எழுத இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

நாலு ரோடு சார், உங்கள் கேள்வியை எங்கள் ஆசிரியர் அறையிலும் கேட்கிறார்கள், அதனால் தவிர்க்காமல் பதில் சொல்கிறேன். நோட்டீஸ் போர்டைப் பார்த்து நீங்கள் பாஸ் ஆனீர்கள். நோட்டீஸ் போர்டில் இருப்பதைப் படித்து விளக்க வீட்டில் யாராவது இருந்தார்களா? டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கும் கல்லூரியில் ஆலோசகர் கிடையாது, தேவையும் இல்லை. அப்பாவின் நண்பர் ஒருவர் பேராசிரியராக இருப்பார், சித்தி பல்கலைக்கழகத்தில் இருப்பார். ஒரு போன் போதும். கொலுசுப்பட்டறை ஐயாவின் மகள் யாருக்குப் போன் போடுவாள்? முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010இல் வந்தது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வருவது ஒரு குறைபாடு என்று அரசே ஒப்புக்கொண்டு பணத்தால் ஈடு செய்கிறது. விவரம் தெரியாத குறை அப்படியே நிற்கிறது. பதினெட்டு வயது இருவருக்கும் ஒன்றுதான், பின்னால் நிற்கும் ஆட்கள்தான் வேறு.

‘நான் முதல்வன்’ நல்ல திட்டம். அது திறனுக்கும் வேலைக்கும் 2022இல் வந்தது. உதவித்தொகை எந்தக் கணக்கில் விழுந்தது என்று அது சொல்லாது. அதன் வேலை அதுவல்ல.

பழைய ரிஜிஸ்டர் ஐயா எழுதியது எனக்கு ஒரு அடி. நாங்கள் ஆசிரியர்கள் ஆலோசனை என்றால் எங்கள் வேலை என்று பிடித்துக்கொள்கிறோம். விதி தெரிந்தவர் அலுவலகத்தில் இருக்கிறார், பிள்ளையைத் தெரிந்தவர் வகுப்பில் இருக்கிறார், இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. பல கல்லூரிகளில் அலுவலக ஜன்னல் திறக்கும் நேரமும் வகுப்பு நடக்கும் நேரமும் ஒன்று. பிள்ளை வகுப்பை விட்டுவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும். அதற்கும் வருகைப்பதிவு போகும்!

எங்கள் துறைக் கூட்டத்தில் என்ன கேட்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். ஒரே டியூட்டர் மூன்று வருடமும் தொடர வேண்டும், அவர் நிரந்தரப் பணியில் இருப்பவராக இருக்க வேண்டும். கவுரவ விரிவுரையாளர் தலையில் கட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரு பீரியட் டைம்டேபிளில் வர வேண்டும், வேலை நேரமாகக் கணக்கில் ஏற வேண்டும். இதற்குத்தான் சண்டை வரும், மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். பஸ் பாஸ் படிவம், போனஃபைட் (இங்கே படிக்கிறார் என்ற சான்றிதழ்) இரண்டும் டியூட்டர் கையால்தான் கிடைக்க வேண்டும். குகைப்பையன் சொன்னதைக் கேட்டதும் தோன்றியது இது. அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் எப்படியும் உண்டு, எல்லாரும் வாங்க வருவார்கள், ஆனால் இப்போது மூட்டையாகக் கட்டி வகுப்புத் தலைவனிடம் கொடுத்துவிடுகிறோம். வருடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் முகத்துக்கு முகம் வந்து நிற்கும் ஒரே சந்தர்ப்பத்தை வீணாக்குகிறோம். அப்புறம் செமஸ்டர் தேதிகள் ஒரே பக்கத்தில், தமிழில். கண்டோனேஷன் தேதி, மறுமதிப்பீட்டுத் தேதி, உதவித்தொகைத் தேதி. எண்பது பக்கக் கையேடு நாக் குழுவுக்கு இருக்கட்டும்.

வீட்டுக்குப் போன் விஷயத்தில் மிளகுக்கொடி பக்கம்தான் நான். முதலில் பிள்ளையிடம். உயிருக்கு ஆபத்து மாதிரி ஏதாவது என்றால் தவிர, பிள்ளைக்குத் தெரியாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. பெற்றோர்கள் கோபித்துக்கொள்வார்கள், தெரியும். முதல்வரும் கோபித்துக்கொள்வார்.

தறிச்சத்தம்

நிரந்தரப் பணியாளர் என்று போட்டீர்களே, பல துறைகளில் அப்படி ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள் சார். மூன்று வருடப் பிள்ளைகளையும் அவரே பார்த்தால் அவரும் அமெரிக்க அட்வைசர்தான், 1500 பேர் கணக்கு.

அடிவாரத்தான்

உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. காலிப் பணியிடம் நிரம்பாமல் இது பாதிதான் நடக்கும்.

கொண்டலாம்பட்டி_02

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். புதுசா சேர்ந்திருக்கேன். இந்த இழையைப் படிச்சதும் கேட்கத் தோணுச்சு. போன வருசம் பி.ஏ. ரெண்டாம் வருசத்துல நடுவுல நின்னுட்டேன். அப்பாவுக்கு உடம்பு முடியலை, தறிக்குப் போனேன். இப்போ அப்பா பரவாயில்லை. மறுபடி போய்ப் படிக்க முடியுமா? இல்லை முதல் வருசத்துல இருந்தா?

பழைய ரிஜிஸ்டர்

முதல்ல ஒன்று சொல்லு தம்பி. டி.சி. வாங்கிட்டியா?

கொண்டலாம்பட்டி_02

இல்லைங்க ஐயா. சர்டிபிகேட் எல்லாம் காலேஜ்லதான் இருக்கு.

பழைய ரிஜிஸ்டர்

நல்லது, வாங்காதே. யார் சொன்னாலும் வாங்காதே. இதற்கு ரீ-அட்மிஷன் என்று முறை இருக்கு. பொதுவா விட்ட செமஸ்டரில் இருந்துதான் தொடரணும், முதல் வருசத்துக்குப் போக வேண்டாம். முதல்வருக்கு ஒரு விண்ணப்பம், எந்தத் தேதியில் நின்றாய், ஏன் நின்றாய் என்று எழுது. அப்பாவின் மருத்துவமனைச் சீட்டை நகல் எடுத்து வை. கடைசியாக எழுதின செமஸ்டர் மார்க் ஷீட், பழைய ஹால் டிக்கெட் இரண்டும் வேண்டும். அதைக் கல்லூரி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி அனுமதி வாங்கும், கட்டணம் உண்டு. நீ விட்ட அதே செமஸ்டர் மறுபடி தொடங்கும்போதுதான் சேர முடியும். அதனால் தொடங்கும் தேதிக்கு முன்னாலேயே அனுமதி கையில் இருக்கணும். பாடத்திட்டம் இடையில் மாறியிருக்கா என்று துறையில் கேட்டுக்கொள், மாறியிருந்தால் ஒன்றிரண்டு பேப்பர் கூடுதலாக எழுதச் சொல்வார்கள்.

கொண்டலாம்பட்டி_02

ரொம்ப நன்றிங்க ஐயா. போன வருசம் ஃபீஸ் கொஞ்சம் பாக்கி இருக்கு. அதனாலதான் போகவே தயக்கமா இருக்கு.

அடிவாரத்தான்

தம்பி, அதைப் பார்த்துத் தயங்காதே. முதலில் துறையில் உன் டியூட்டரைப் பார், பிறகு அவரோடு அலுவலகத்துக்குப் போ, தனியாகப் போகாதே. பாக்கியைத் தவணையாகக் கட்ட முடியுமா என்று முதல்வரிடம் அவரே கேட்கட்டும். உதவித்தொகை உனக்கு வர வேண்டியது நின்றிருந்தால் அதையும் அன்றைக்கே கேட்டுவிடு. எந்தக் கல்லூரி என்று இங்கே போடாதே, தனிச்செய்தியில் அனுப்பு.

பழைய ரிஜிஸ்டர்

பழைய பாஸ்புக்கையும் எடுத்துக்கிட்டுப் போ தம்பி. பணம் கட்டினால் ரசீது இல்லாமல் கட்டாதே.